பாதியில் நின்ற விண்டோஸ்: கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

விண்டோஸ் போடும்போது கணினி பாதியில் நின்றுவிட்டால், எல்லாரும் செய்வது அதையே மறுபடியும் தொடங்குவதுதான். மறுபடியும் நின்றால் பென் டிரைவைச் சந்தேகிப்போம். அதற்கும் மசியாவிட்டால் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவோம். கடந்த மார்கழி மாதம் முழுவதும் எனக்கு அப்படித்தான் போயிற்று. தை முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலைகள் மேசையில் குவிந்து கிடக்க, கணினி மட்டும் உயிர் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்களில் யாராவது ஒருவர் என்னிடம், "எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் எழுதி வை" என்று சொல்லியிருந்தால் பணமும் மிச்சம், தூக்கமும் மிச்சம். அப்படிச் சொல்ல ஆள் கிடைக்காத வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோட்டையூரில் வீட்டு முகப்பிலேயே தட்டச்சும் அழைப்பிதழ் வடிவமைப்பும் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, சாந்திக் கல்யாணம், கும்பாபிஷேக நோட்டீஸ், கோயில் வரவு செலவுக் கணக்கு என்று வேலை வரும். எங்கள் பகுதிப் பத்திரிகைகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயருக்கு முன் வரும் நீளமான விலாச எழுத்துகள், கோயில், பிரிவு எல்லாம் பிசகாமல் வர வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ஆச்சிமார்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பழைய பத்திரிகைகளின் கோப்புகளைத் திறந்து, அவற்றின் மேல்தான் புதியதைச் செய்வேன். எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருப்பவை. கணினி போனால் எனக்கு ஒரு கருவி மட்டும் போவதில்லை, பல வருடத்துச் சேமிப்பும் சேர்ந்து போகும்.

கணினி 2018இல் காரைக்குடியில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. இன்டெல் ஐ3, எட்டாம் தலைமுறை. ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், நான்கு ஜிபி இருந்தது. பின்னாளில் வேறொரு நிறுவனத்தின் நான்கு ஜிபி ரேம் ஒன்றைக் கூடுதலாகப் போட்டோம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. இனி வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்றால், வங்கி வேலையும் சிலருடைய ஜிஎஸ்டி வேலையும் பார்க்கும் கணினியை அப்படியே விட எனக்கு மனமில்லை. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் சிப், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, கணினி எழும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட், நான்கு ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். என் கணினியில் டிபிஎம் இல்லை என்றே சோதனைக் கருவி காட்டியது. அதைப் பார்த்துப் பலர் புதுக் கணினி வாங்கிவிடுகிறார்கள். கணினி எழும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தால், இன்டெல் மதர்போர்டு பலகைகளில் பிடிடி என்ற பெயரில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இயக்கினால் போதும். அந்தப் படி எனக்குச் சுலபமாகவே முடிந்தது.

தொடங்கும் முன் டி டிரைவ் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்தேன். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் தனியாக எடுத்து வைத்தேன். தமிழ் அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் இந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். கோப்புகள் டி டிரைவில் பத்திரமாக இருக்கும். எழுத்துருக்கள் சி டிரைவோடு அழிந்துபோகும். பிறகு கோப்பைத் திறந்தால் மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். டாங்கிள் என்ற சிறு உரிமக் கருவியைச் செருகினால்தான் ஓடும் பழைய தமிழ் மென்பொருள் இருந்தால் அதை நிறுவும் கோப்பு இப்போது கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நகல்கள் பின்னால் என்னைக் காப்பாற்றின.

மைக்ரோசாஃப்டின் கருவியைக் கொண்டு பென் டிரைவைத் தயார் செய்து, ஒரு காலை நேரத்தில் தொடங்கினேன். 14 சதவீதத்தில், விண்டோஸ் பிழையில் நின்றுபோனால் வரும் நீலத்திரை. மறுபடி தொடங்கினால் அறுபதைத் தாண்டி ஓடி, தேவையான கோப்பு சேதமடைந்திருக்கிறது என்ற பொருளில் 80070570 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றது. அடுத்ததில் கோப்புகளை எடுக்கத் தொடங்கும் முன்பே மறுபடியும் நீலத்திரை, இம்முறை வேறு பெயரில். பழைய விண்டோஸ் இருந்த பகுதி முதல் முயற்சியிலேயே அழிந்துவிட்டது. முன்னே போகவும் முடியாது, பின்னே திரும்பவும் முடியாது. வயிற்றைப் பிசைந்தது. அன்று மாலையே ஓர் ஆச்சி வந்து, "என்ன ஆத்தா, பேரன் பத்திரிகை மாதிரி பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். "நாளைக்குக் காட்டுகிறேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. நிறுவல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே சதவீதத்தில், ஒரே செய்தியோடு நின்றால் சந்தேகத்தைப் பென் டிரைவின் மேலும், பதிவிறக்கிய கோப்பின் மேலும், ஹார்ட் டிஸ்க்கின் மேலும் வையுங்கள். படிக்க முடியாத கோப்பு அதே இடத்தில்தான் மறுபடியும் தட்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு பெயரில் நின்றால் முதலில் ரேம், அடுத்து சூடு, அதற்கடுத்து மின்சாரம் என்று பாருங்கள். நீலத்திரையோ செய்தியோ இல்லாமல், சுவிட்சை அணைத்ததுபோல் பொட்டென்று அணைந்தால் ரேமை விட்டுவிட்டு நேராகச் சூட்டுக்கும், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போங்கள். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் தேடத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. என்னுடையது வெவ்வேறு இடத்தில் நின்றது. அந்த ஒரு தகவலே போதும், விடை கிடைத்திருக்கும். அதை எனக்கும் யாரும் சொல்லவில்லை, கடையில் என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

கணினியை ஆட்டோவில் வைத்துக் காரைக்குடிக்குக் கொண்டுபோனேன். முதல் கடையில் பென் டிரைவ் சரியில்லை என்றார்கள். 450 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன். பிறகு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார்கள். அதற்குப் பதிலாகப் போடும் வேகமான வட்டான எஸ்எஸ்டி 2,300 ரூபாய், வேலைக்கூலி 500. என்னைக் கேட்காமலேயே பழைய ஹார்ட் டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் அழித்து ஒன்றாக்கியிருந்தார்கள். "டி டிரைவ் எங்கே தம்பி?" என்று கேட்டபோது, "எல்லாம் சுத்தமாகப் போட்டாயிற்று அக்கா" என்றார் அந்தப் பையன், நல்ல செய்தி சொல்வதுபோல. நகல் இருந்ததால் நான் நிலைகுலையவில்லை. இல்லாதவர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. கணினியைக் கொடுக்கும்போதே, "என்னைக் கேட்காமல் எதையும் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது கடையில் கைமாறும்போது காணாமல் போகும்.

அவர்கள் மேசையில் எப்படியோ விண்டோஸ் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து அன்றே மறுபடியும் நீலத்திரை. மீண்டும் போட்டுப் பார்த்தால் பழைய கதைதான். இரண்டாவது கடைக்குப் போனேன். அங்கே பலகையைக் கழற்றி, காற்றாடியை எடுத்துப் பார்த்து, மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 7,500 ஆகும், அதைவிட 32,000க்குப் புதுக் கணினியே எடுத்துவிடலாம் என்றார்கள். பார்த்ததற்குக் கூலி 600. மதர்போர்டை மாற்றினால் இன்னொரு சிக்கலும் உண்டு: விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அந்தப் பலகையோடு பிணைந்திருக்கும், புதுப் பலகையில் அதைச் செயல்படுத்துவது தனிப் பாடு. அதைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். சரியான பதில் இல்லை. திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் ஒரே எண்ணம். பத்திரிகை வேலைகளைத் தெரிந்த இன்னொரு கடைக்குப் பாதிக் கூலியில் மாற்றிவிட்டிருந்தேன். ஒரு பெரிய கும்பாபிஷேக வேலை கைவிட்டே போய்விட்டது. எல்லாவற்றையும் கூட்டினால் 12,000 ரூபாயை நெருங்கியது. இனி நானே பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். கைபேசியில் தேடித் தேடிப் படித்து, ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது, மாற்றியதை எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

பிரிண்டர், ஸ்கேனர், டாங்கிள், பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றினேன். விசைப்பலகை, மவுஸ், திரை, ஒரே ஒரு எஸ்எஸ்டி, அவ்வளவுதான் மிச்சம். பழைய வட்டைக் கழற்றி வைப்பதில் இன்னொரு நன்மை, தவறுதலாக அதன் மேல் விண்டோஸ் ஏறிவிடாது. பயாஸைத் தொடக்க அமைப்புக்குத் திருப்பினேன். பிடிடியை மட்டும் மறுபடி இயக்கினேன். பிறகு விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் போட்டு, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை ஓடவிட்டேன். செலவில்லாத சோதனைகளில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். வட்டே சம்பந்தப்படாத நிலையிலும் கணினி உறைந்து நின்றது. விண்டோஸ் மேலும் குற்றமில்லை, எஸ்எஸ்டி மேலும் இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. உங்கள் கோப்புகள் இன்னும் வட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தால், இப்படி ஓடும் லினக்ஸிலிருந்தே அவற்றை வெளியே நகல் எடுத்துவிடலாம். லினக்ஸ் பழக்கமில்லாதவர்கள் விண்டோஸ் நிறுவும் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி, கோப்பு திறக்கும் பெட்டிக்குள் போய் அங்கிருந்தே நகல் எடுக்கவும் வழி இருக்கிறது.

அடுத்து ரேம். மெம்டெஸ்ட்86 என்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். சில நிமிடங்களுக்குள் திரையில் பிழை வரிகள் ஓடத் தொடங்கின. விசித்திரமாக இருக்கும், ஆனால் அதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதிதான் வந்தது. மின்சாரத்தை அணைத்து, கம்பியை உருவி, கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, இரண்டு ரேமையும் கழற்றினேன். தங்க நிறத் தொடுபகுதியை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்தேன். பிறகு ஒன்றை மட்டும் போட்டுச் சோதனை, அதையே அடுத்த இடத்தில் போட்டுச் சோதனை, பிறகு மற்றதற்கும் அப்படியே. பழைய ரேம் இரவு முழுவதும் ஓடி ஒரு பிழையும் காட்டவில்லை. பின்னால் வாங்கிய ரேம் இரண்டு இடத்திலும் பிழை காட்டியது. இரண்டு இடத்திலும் மாற்றிப் பார்ப்பது அவசியம். ஓரிடத்தில் மட்டும் போட்டுப் பார்த்துப் பிழை வந்தால் கெட்டது ரேமா, அது உட்காரும் இடமா என்று சொல்ல முடியாது. இந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது.

இவ்வளவு நாள் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டுதானே இருந்தது என்று எனக்கும் தோன்றியது. விண்டோஸ் நிறுவும்போது ஒரு குட்டி விண்டோஸ் முழுவதும் ரேமில்தான் ஏறி உட்கார்ந்து வேலை செய்கிறது. சுருக்கி வைத்த மிகப் பெரிய கோப்பொன்றை விரித்து, சரிபார்த்து, வட்டில் எழுதுகிறது. வழியில் ஒரு பிட் மாறினாலும் கோப்பு சேதம் என்று நின்றுவிடும். அன்றாடத் தட்டச்சில் அந்தக் கெட்ட பகுதி எப்போதாவதுதான் தட்டுப்படும். யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் இருந்தன. பேஜ்மேக்கர் அவ்வப்போது தானாக மூடிக்கொள்ளும். சுருக்கிய கோப்புகள் திறக்க மறுக்கும். மென்பொருள் பழையது, அப்படித்தான் இருக்கும் என்று தொழிலில் எல்லாரும் சொல்வோம். உங்கள் கணினியிலும் இப்படி நடந்தால், புதிய விண்டோஸ் போடும் முன்பே ஓர் இரவு ரேமைச் சோதித்துவிடுங்கள். பழைய வட்டிலேயே போடுவதாக இருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் வட்டின் உடல்நிலையையும் பாருங்கள். அன்று கழற்றி வைத்த என் ஹார்ட் டிஸ்க்கை அப்படிப் பிறகு பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

நல்ல ரேமை மட்டும் போட்டு மறுபடி தொடங்கினேன். நீலத்திரை வரவில்லை. ஆனால் எழுபது சதவீதத்தில் கணினி பொட்டென்று அணைந்தது. அந்த நொடி என் மனம் விட்டுப்போயிற்று. உடனே மறுபடி தட்டினால் சில நிமிடங்களில் மறுபடியும் அணைகிறது. ஆறவிட்டுத் தட்டினால் கூடுதல் நேரம் ஓடுகிறது. சற்று நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் தாளை எடுத்துப் பார்த்தேன். செய்தி இல்லாமல் அணைந்தால் சூடு. பயாஸில் வெப்பநிலை காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். சும்மா இருக்கும்போதே எண் ஏறிக்கொண்டே போய்த் தொண்ணூறைத் தாண்டியது. இந்தச் சிப்புக்கு இன்டெல் சொல்லும் எல்லை 100 டிகிரி செல்சியஸ். பெட்டியைத் திறந்து காற்றாடியை லேசாக அசைத்தால் ஒரு மூலை ஆடுகிறது. நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று பலகைக்குள் சரியாக இறங்கவே இல்லை. இரண்டாவது கடையில் கழற்றிப் போட்டபோது அரைகுறையாக இறங்கியதா, வரும் வழியில் ஆட்டோ குலுக்கலில் நழுவியதா என்று எனக்குத் தெரியாது. முதல் பழுதைத் தேடப் போன இடத்தில் இரண்டாவது பழுது வந்து சேர்ந்திருந்தது.

150 ரூபாய்க்கு வெப்பப் பசை வாங்கி, பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு வைத்து, எதிரெதிர் மூலைகளாக முளைகளை அழுத்தினேன். ஒவ்வொன்றும் 'டக்' என்று இறங்க வேண்டும். பலகையின் பின்புறம் பார்த்து நான்கும் வெளியே வந்திருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பயாஸில் எண் நாற்பதுகளில் நின்றது. கடையிலிருந்து கணினி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இந்தப் பக்கத்தைப் பார்ப்பது இப்போது என் வழக்கம்.

மறுநாள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று நாளிதழில் போட்டிருந்தார்கள். இந்த அறிவிப்பைப் பார்க்காமல் யாரும் விண்டோஸ் போட உட்காராதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் முறைக்கு மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண நிலையில் இருந்தால் மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், கணினி மட்டும் அணைந்து எழும். எங்கள் வீட்டிலும் அந்த நிலையில்தான் இருந்தது, மாற்றிவைத்தேன். மின்தடை முடிந்த மறுநாள் விடியற்காலையில், ஊரில் மின்பளு குறைவாக இருக்கும் நேரத்தில் தொடங்கினேன். அரை மணி நேரத்துக்குள் விண்டோஸ் 11 எந்தத் தடங்கலும் இல்லாமல் ஏறி முடிந்தது. எழுத்துருக்களைத் திரும்பப் போட்டு ஒரு பழைய பத்திரிகையைத் திறந்தேன். எழுத்துகள் அப்படியே வந்தன. ஆச்சியின் பேரன் பத்திரிகையை அன்று மதியமே மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

கெட்ட ரேமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல நிறுவனங்கள் ரேமுக்கு நீண்டகால உத்தரவாதம் தருகின்றன. ரசீதும் மேலே ஒட்டியிருக்கும் வரிசை எண் சீட்டும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். எனக்கு மாற்று ரேம் வந்தது. அதையும் ஓர் இரவு சோதித்த பிறகே உள்ளே போட்டேன். மறுபடியும் கடைக்குப் போக நேர்ந்தால், எந்த நேரம், எத்தனை சதவீதம், திரையில் என்ன செய்தி என்று எழுதிய தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நீலத்திரையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருப்பேன். மாற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்குவேன்.

உங்கள் கணினி ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ என்றால் விண்டோஸ் 11க்காக அவசரப்பட்டு மல்லுக்கட்ட வேண்டாம். விண்டோஸ் 10க்கு வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை வைத்திருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரும் இணைப்பு இருக்கும், அதற்கு ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அந்த அவகாசத்தில் கோப்புகளையும் எழுத்துருக்களையும் நகல் எடுத்து, ரேமைச் சோதித்து, காற்றாடியின் தூசியைத் தட்டி, கல்யாண மாதம் இல்லாத ஆடியிலோ புரட்டாசியிலோ நிதானமாக வேலையைத் தொடங்கலாம்.